மருந்தினும் முந்திய மருந்து

தமிழ்ச் சான்றோர் இயற்றிய பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரையே தம் பெயராகப் பூண்டு விளங்குகின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் கூடியது திரிகடுகம். ஐந்து சிறு வேர்களாலாயது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலிய ஆறு பொருள்களாலாயது ஏலாதி. ஆயினும் அந்நூல்களைத் திறந்து பார்ப்பார்க்கு ஆண்டுக் கிடைப்பன சூரணமும் கஷாயமும் அல்ல. ஒழுக்கத்தைக் கூறும் அறிவுரைகளே. மருந்து உடல்நோயைத் தீர்ப்பது போல நல்லுரை உள்ளத்து நோயைத் தீர்க்கும் என்னும் கருத்தினால் அவற்றிற்கு அப்பெயர்கள் அமைந்தன. அறிவுரையை மருந்தென்று அழைத்த மரபு நம்முடைய மரபு. அம்மரபில் வந்த நாம், மருத்துவரே வாய்திறந்து கூறும் அறிவுரையை மட்டும் மருந்தென்று எண்ணாது விடுகின்றோமே. இஃது எத்துணை வியப்பு!

ஊர்தோறும் கடைத்தெருவின் ஓரத்தே, முன்னறை ஒன்றும் உள்ளறை ஒன்றும் உடையதாய், மக்கள் கிளினிக் என்று வழங்கும் சிறிய மருத்துவமனை ஒன்று இருத்தலை யாவரும் அறிவர். முன்னறையில் ஒரு நீண்ட பலகை. அதில் குழந்தையை மடியிலிட்ட தாயும், இருமும் முதியவரும், பள்ளிச் சீருடையோடு வாடியிருக்கும் சிறுவனும் தத்தம் முறை நோக்கி அமர்ந்திருப்பர். உள்ளறையில் இருக்கும் மருத்துவர் ஒரு குடும்பத்தின் பாட்டனாரையும் அறிவார், பேரனையும் அறிவார். இன்னார் வீட்டில் சர்க்கரை நோய் வழிவழி வருவது, இன்னாருக்கு இன்ன மருந்து ஒவ்வாதது என்பனவெல்லாம் அவர் நினைவில் உள. அவர் நாடி பார்த்து, மார்பில் குழல் வைத்துக் கேட்டு, சீட்டெழுதி முடித்தபின், "உப்பைக் குறையுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்" என்று சில சொற்கள் கூறுவார். அந்நேரத்தில் நாம் என் செய்கின்றோம்? சீட்டை மடித்துக்கொண்டு எழுந்து நிற்கின்றோம். "சரிங்க டாக்டர்" என்னும் விடை, அவர் சொல்லி முடிக்கு முன்னரே நம் வாயினின்று புறப்பட்டுவிடுகின்றது. வீடு சேர்ந்தவுடன் வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, "ஊசி போட்டாரா?" என்பதே. "என்ன சொன்னார்?" என்று கேட்பார் சிலரே. ஊசியும் இன்றி, மாத்திரையும் குறைவாக எழுதி அனுப்பினாராயின், "அவர் ஒன்றும் பார்க்கவில்லை, வெறும் பேச்சுப் பேசி அனுப்பிவிட்டார்" என்று ஊரில் அவர் பெயர் தாழ்கின்றது.

காய்கறி வாங்குவோர்க்கு வணிகர் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாக இடுவது போல, மருத்துவர் தம் மருந்தோடு அறிவுரையையும் கொசுறாக இடுகின்றார் என்பதே நம்மவர் எண்ணம். அவ்வெண்ணம் தவறு என்பது எம் கருத்து. அச்சிறு மருத்துவமனைக்குப் பெரும்பான்மையாக வரும் நோய்களில், அவர் கூறும் சொல்லே சரக்கு. மாத்திரை அதற்குத் துணை. அச்சொல்லைக் கைவிடுவதனால் நாம் பொருளை இழக்கின்றோம், உடல்நலத்தை இழக்கின்றோம், சிற்சில வேளைகளில் உயிரையே இழக்கின்றோம். இதனை ஒருவாறு எடுத்துக்காட்டி, இதற்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதனையும் கூற முயல்வேம்.

முதற்கண் நம் மறைநூலாகிய திருக்குறளை நோக்குவோம். அதில் 95ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்பது பெயர். பெயரைக் கண்டு, இன்ன நோய்க்கு இன்ன வேர், இன்ன காய்ச்சலுக்கு இன்ன இலை என்று வள்ளுவனார் கூறியிருப்பார் என எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பத்துக் குறளிலும் ஒரு மருந்தின் பெயரேனும் இல்லை. அவற்றுள் ஆறு குறட்பாக்கள் உண்ணும் முறையையே கூறுகின்றன: முன் உண்டது செரித்ததை அறிந்து உண்க; அளவறிந்து உண்க; உடலுக்கு மாறுபடாதவற்றை உண்க என்பனவே அவற்றின் பிழிவு. அதன் பின்னரே, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்தல், நோயாளியின் நிலையையும் காலத்தையும் எண்ணுதல் எனும் மருத்துவன் கடமைகள் வருகின்றன. மருந்து என்னும் தலைப்பின்கீழ் அறிவுரையை மாத்திரமே வைத்த அப்புலவர், அறிவுரையே முதல் மருந்து என்பதனைச் சொல்லாமற் சொல்லினார் என்று கொள்ளுதல் மிகையாகாது.

இது புலவர் கூற்று மாத்திரமன்று. மருத்துவ வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரப் பெருமருத்துவமனையில் 1847ஆம் ஆண்டில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணியாற்றினார். ஆண்டுப் பிரசவத்திற்கு வந்த தாய்மார் பிரசவச் சுரத்தால் திரள்திரளாக மாண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், மருத்துவ மாணவர் பணிபுரிந்த பகுதியில் நூற்றுக்குப் பதினெண்மர் இறந்தனர். பிணவறையில் உடல்களை அறுத்து ஆராய்ந்த கையோடு மாணவர் தாய்மாரைத் தொடுதலே கேட்டிற்குக் காரணம் என்று உய்த்துணர்ந்த அவர், குளோரின் கலந்த சுண்ண நீரில் ஒவ்வொருவரும் கைகழுவி வருதல் வேண்டும் என்று விதித்தார். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டளவிற்குக் குறைந்தது. நோயாளிக்குப் புதுமருந்து ஒன்றும் ஊட்டவில்லை. கத்தி ஒன்றும் எடுக்கவில்லை. 'கையைக் கழுவுக' என்னும் ஒரு சொல்லே அத்தனை உயிர்களையும் காத்தது. ஆயினும் அக்காலத்து மருத்துவர் பலர் அச்சொல்லை ஏற்றிலர். தம் கை தூயதன்று என்பதனைக் கேட்கவும் அவர்கட்கு மனமில்லை. செம்மல்வைஸ் தம் கருத்து உலகில் நிலைபெறுவதனைக் காணாமலே 1865இல் மறைந்தார். நல்லுரையைக் கேளாமை படியாதார்க்கே உரிய குற்றம் என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்வாராக. கற்றோரும் கேளார், சில காலங்களில் அவர்களே முற்படக் கேளார்.

இன்னும் நமக்கு அணிமையதாகிய ஒன்றனைக் கூறுவேம். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்திற்கு ஓடிவந்தனர். எல்லைப்புறத்துப் பன்காவ் என்னும் ஊரில் வாந்திபேதி கொள்ளையாகப் பரவியது. நரம்பின் வழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. அந்நிலையில் டாக்டர் திலீப் மகலநோபிஸ் என்பார், உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் அளவாகக் கலந்த பொட்டலங்களை நீரிற் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்து, இடைவிடாது பருகுவிக்குமாறு சொன்னார். நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த சாவு நூற்றுக்கு நான்கிற்கும் கீழாக இறங்கிற்று. அடுக்களையில் கிடக்கும் உப்பும் சர்க்கரையும் நேற்றும் இருந்தன. அதற்கு முன்னும் இருந்தன. அவற்றை மருந்தாக்கியது அளவும் முறையும் உணர்த்திய சொல்லே.

அச்சொல்லைத்தான் இன்று நம் ஊர் மருத்துவர், பேதியால் வாடும் குழந்தையைத் தூக்கி வரும் தாய்க்குக் கூறுகின்றார். கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதனையே, அதில் அச்சிட்ட அளவுப்படி நீரிற் கரைத்துக் கொடுக்க, கிடையாதாயின் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்க, தாய்ப்பாலை நிறுத்தற்க, உணவையும் நிறுத்தற்க என்கின்றார். 'வயிறு போகும்போது தண்ணீர் காட்டக் கூடாது' என்னும் பழங்கொள்கை உடைய முதியோர் இன்னும் சில வீடுகளில் உள்ளனர். அக்கொள்கையும் சொல்லே, மருத்துவர் கூற்றும் சொல்லே. எந்தச் சொல் வெல்கின்றதோ அதனைப் பொறுத்தே அக்குழந்தை பிழைத்தலும் பிழையாமையும் அமைகின்றன. உப்பு மிகினும் கேடு ஆதலின், அளவைக் காதில் வாங்காது போதல், மருந்தின் அளவை வாங்காது போதலை ஒக்கும்.

இனி, அச்சிறு மருத்துவமனையில் நாள்தோறும் நடைபெறும் பெரும்பிணக்கு ஒன்று உண்டு. அது சளியும் காய்ச்சலும் பற்றியது. சாதாரணச் சளி வைரஸ் என்னும் நுண்பொருளால் வருவது. பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் அதனை ஒன்றும் செய்யமாட்டா. "ஓய்வு கொள்ளுங்கள், வெந்நீர் பருகுங்கள், மூச்சுத்திணறினாலோ, மூன்று நாட்களில் காய்ச்சல் தணியாவிட்டாலோ வாருங்கள்" என்று கூறுதலே நேர்மையுள்ள மருத்துவர் செய்யத்தக்கது. ஆனால் வந்தவரோ, 'பணம் கொடுக்கிறோமே, நல்ல மாத்திரையாக எழுதக்கூடாதா?' என்று எண்ணுகின்றார். எழுதாவிடில் அடுத்த தெருவிற்குச் செல்கின்றார். அல்லது மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி, இரண்டு நாள் விழுங்கி, மிச்சத்தை அலமாரியில் வைக்கின்றார். பெனிசிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய சொற்பொழிவிலேயே, குறைந்த அளவில் உண்ணுதல் கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பிக்கும் என்று எச்சரித்தார். அவர் அஞ்சியது இன்று கண்கூடாயிற்று. வேண்டாத இடத்தில் விழுங்கிய மருந்து வேண்டிய நாளில் உதவாது போகின்றது. இங்கே மருந்தை எழுதாமையே மருத்துவம். ஏன் எழுதவில்லை என்று விளக்கும் சொல்லே மருந்து.

காய்ச்சலாவது உடலைச் சுட்டுத் தன் வரவை அறிவிக்கும். இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயுமோ, ஆண்டுக்கணக்கில் வாய்திறவாது உடலினுள் குடியிருப்பன. இரத்த அழுத்தம் 140க்கு 90 என்னும் அளவைத் தாண்டி நிற்பவர் பலர், தமக்கு நோய் உண்டு என்பதனையே அறியார். தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை. உடல் பேசாத இடத்தில் மருத்துவர் பேசவேண்டியிருக்கின்றது. "மாத்திரை உண்பதனால்தான் அழுத்தம் அளவில் நிற்கின்றது, அளவில் நிற்கின்றதென்று மாத்திரையை விட்டுவிடாதீர்" என்று அவர் எத்துணை முறை கூறினும், 'இப்பொழுதுதான் நன்றாயிருக்கின்றதே' என்று நிறுத்திவிடுவோர் பலர். பின்னொருநாள் பக்கவாதம் வந்து வாயும் கையும் கோணியபோதுதான் அச்சொல் நினைவிற்கு வருகின்றது. ஒருவர்க்கு நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்குக் குறைவாக, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல், இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று நாம் இலையில் அடுக்குவனவற்றைக் கூட்டிப் பார்ப்பின், சோற்றில் இடும் உப்பிற்கு முன்னரே கணக்கு நிரம்பிவிடும்.

சர்க்கரை நோயுற்றார்க்கு மருத்துவர் கூறும் மற்றோர் அறிவுரையை எண்ணிப் பார்ப்போம். "நாள்தோறும் இரவில் விளக்கொளியில் உம்முடைய பாதங்களைப் பாரும், வெறுங்காலோடு நடவாதீர்" என்பது அது. கேட்பார்க்கு இது நகைப்பிற்கு இடமாகத் தோன்றும். ஆனால் அந்நோய் முதிர்ந்த நிலையில் பாதம் உணர்ச்சி குன்றும். முள் தைத்தாலும் தெரியாது. தெரியாத புண் புரையோடும். புரையோடிய காலை இறுதியில் வெட்டியெறிய நேர்கின்றது. ஒரு காலின் விலையைக் காக்கும் அறிவுரைக்கு ஆகும் செலவு ஒரு காசுமில்லை. செலவில்லாமையினாலேயே நாம் அதனை மதியாது விடுகின்றோமோ என்று ஐயுறவேண்டியிருக்கின்றது.

சிலவேளைகளில் அறிவுரை நாழிகைக் கணக்கில் உயிரோடு தொடர்புடையதாகும். நாய் கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்பாதொழிக. அன்றே தடுப்பூசிக்குச் செல்க. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க என்பது மருத்துவர் சொல். லூயி பாஸ்டர் 1885இல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்புமுறை கண்டார். நம் நாட்டில் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் தோன்றியது 1907இல். மருந்து வந்து நூறாண்டு கடந்தும், நோயின் குறி தோன்றியபின் அதற்கு மீட்சி அரிதினும் அரிது. ஆதலின் கடித்த நாளன்று நம் காதில் விழும் சொல்லே எல்லாமாம். டெங்குக் காய்ச்சலும் இத்தன்மைத்து. காய்ச்சல் இறங்கியவுடன் 'தேறிவிட்டான்' என்று வீட்டார் மகிழும் அந்நாட்களே அபாயமான நாட்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிக்க சோர்வு ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்க. ஆஸ்பிரின், இபுபுரூபன் முதலிய வலிமாத்திரைகளைத் தாமாக உண்ணற்க என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பும் குடும்ப மருத்துவர், தாம் உடனில்லாத நாளிலும் தம் சொல்லைக் காவலாக வைத்து அனுப்புகின்றார்.

வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்துண்ணுதலின் பெருமையை உலகிற்கு நிறுவிய ஓர் ஆராய்ச்சி நம் சென்னையிலேயே நடந்தது என்பதனைப் பலர் அறியார். சேத்துப்பட்டில் 1956இல் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளிகளுள் ஒரு சாராரைக் காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மற்றொரு சாராரை அவர்தம் சிறு வீடுகளிலேயே விட்டும் ஒரே மருந்தை அளித்தனர். மருத்துவமனையில் நல்லுணவும் ஓய்வும் மிகுதி. வீட்டிலோ நெருக்கமும் வறுமையும். 1959இல் வெளியிட்ட முடிவு யாது? வீட்டிலிருந்தோரும் மருத்துவமனையிலிருந்தோரை ஏறக்குறைய ஒப்பவே குணமடைந்தனர் என்பதே. உலக நாடுகள் பலவும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டளவிற் கொண்டுவர இஃது வழிகோலிற்று. இன்று பெரும்பாலார்க்கு ஆறு மாதத்தில் முடியும் அச்சிகிச்சையில், இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்றுவிடுதல் உண்டு. அப்போது 'நிறுத்தாதே' என்னும் சொல்லே எஞ்சிய நான்கு மாதத்திற்கும் காவல். அச்சொல்லைத் தட்டி நிறுத்துவோர், மருந்துக்கு அடங்காத காசத்தைத் தமக்கும் தம் வீட்டார்க்கும் தேடிக்கொள்வர்.

இங்ஙனம் கூறுங்கால், சிலர் தடை எழுப்புவர். "இவை யாவும் யாவரும் அறிந்தனவே, பாட்டியும் சொல்வாள், கைப்பேசியிலும் வரும், இதற்கு ஒரு மருத்துவர் வேண்டுமோ?" என்பர். அறிந்தது உண்மையே, அளவறிந்திலோம் என்பதும் உண்மை. இளநீர் நன்று என்று கைப்பேசி கூறும். சிறுநீரகம் கெட்டவர்க்கு அதிலுள்ள பொட்டாசியம் தீங்காகும் என்பதனை, அவர் நோயை அறிந்த மருத்துவரே கூறுவார். 'நீர் மிகக் குடியுங்கள்' என்பது உப்பளத்தில் வெயிலில் நின்று வேலை செய்வார்க்கு உயிர்காக்கும் உரை. இதயம் தளர்ந்து கால்வீங்கியவர்க்கோ அதுவே இடர். பொதுவுரை ஊருக்குரியது, மருத்துவர் உரை நமக்குரியது. ஒருவருடைய செருப்பு மற்றொருவர்க்குப் பொருந்தாதது போல, ஒருவர்க்குக் கூறிய உரையை மற்றொருவர் எடுத்தாளுதலும் பொருந்தாது.

மற்றுமொரு தடை, முன்னதினும் வலியது. "பழம் உண்க, பால் அருந்துக, ஒரு மாதம் ஓய்வு கொள்க என்று கூறுதல் எளிது. அன்றாடங்காய்ச்சிக்கு அஃது எங்ஙனம் இயலும்? ஏழைக்குக் கூறும் அறிவுரை வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுதல் அன்றோ?" என்பது அது. இதனை நாம் புறக்கணித்தல் கூடாது. நாள் முழுதும் குனிந்திருந்து பீடி சுற்றி இரவில் உலைவைக்கும் பெண்ணிடம், 'வேலையை விட்டு ஓய்வெடு' என்பது அறிவுரையன்று. அவள் நிலையை அறியாமையே. நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்க என்று வள்ளுவனார் மருத்துவனுக்கு விதித்தது இதன்பொருட்டே. மணிக்கொரு முறை எழுந்து பத்தடி நட. ஆப்பிள் வேண்டா, கொய்யாவும் முருங்கைக்கீரையும் போதும். கடலையும் பயறும் முட்டையும் கைக்கெட்டும் விலையன என்று அவள் அடுக்களையை அறிந்து கூறுவாராயின், அச்சொல் பலிக்கும். கடைப்பிடிக்க இயலாத அறிவுரை, வாங்க இயலாத மருந்தை எழுதிய சீட்டைப் போன்றதே. ஆகவே இத்தடை அறிவுரை வேண்டா என்பதற்குச் சான்றாகாது. நல்ல அறிவுரை அரிது என்பதற்கே சான்றாகும்.

அரிதாதற்குக் காரணம் என்னை? முதற்காரணம் காலமின்மை. 67 நாடுகளை எடுத்து ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, உலக மக்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில், மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரம் ஐந்து நிமிடத்திற்கு மேற்படுவதில்லை என்று கூறுகின்றது. சுவீடனில் அஃது இருபத்திரண்டு நிமிடத்திற்கும் மேல். வங்கதேசத்தில் ஒரு நிமிடமும் இல்லை. சில நிமிடத்தில் நோயைக் கேட்பதோ, ஆராய்வதோ, எழுதுவதோ, விளக்குவதோ? எழுதுதல் எஞ்சி, விளக்குதல் ஒழிகின்றது. இதில் மருத்துவர்க்கும் பங்குண்டு. எனினும் விளக்கம் கூறும் மருத்துவரை 'பேச்சுக்காரர்' என்று இகழ்ந்து, விரைவில் ஊசியிட்டு அனுப்புவாரை 'கைராசிக்காரர்' என்று புகழும் நம்மிடத்தும் பெரும்பங்கு உண்டு. நாம் எதற்கு விலை கொடுக்கின்றோமோ அதுவே சந்தையில் மிகும். 2021இல் தமிழ்நாட்டரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, இரத்தக் கொதிப்பிற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீட்டுவாயிலுக்கே அனுப்பிற்று. மாத்திரை வாயில்வரை வரும். வாயினுள் நாள்தோறும் செல்லுதற்குச் சொல் ஒன்று உடன் வருதல் வேண்டும்.

இரண்டாங் காரணம் மொழி. தமிழ் பயிலும் மாணவராகிய நாம் இதனைச் சிறப்பாக எண்ணிப்பார்த்தல் கடமை. சீட்டில் உள்ளது ஆங்கிலம், மருந்தட்டையில் உள்ளது ஆங்கிலம், 'பி.டி.', 'டி.டி.எஸ்.' என்னும் குறிகளோ இலத்தீன். எழுத்தறிந்த தமிழரும் தம் உடலைப் பற்றி எழுதியதனைத் தாம் படிக்கமாட்டாது நிற்கின்றனர். இவ்விடர்ப்பாட்டை நூற்றைம்பது ஆண்டிற்கு முன்னரே உணர்ந்து களைய முற்பட்டவர் ஒருவர் உளர். அமெரிக்க மிஷன் மருத்துவராகிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், செம்மல்வைஸ் வியன்னாவில் கைகழுவச் சொன்ன அதே 1847இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நிறுவி, முதலில் ஆங்கிலத்தில் மாணவரைப் பயிற்றினார். மக்களுக்குப் பயன்படும் மருத்துவம் மக்கள் மொழியிலேயே நிகழவேண்டும் என்று தெளிந்து, 1864 முதல் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். கடல் கடந்து வந்த ஒருவர்க்குத் தமிழில் அங்கநூல் எழுத இயன்றதாயின், தமிழராகப் பிறந்த நமக்கு 'காலையில் ஒன்று, இரவில் ஒன்று, உணவிற்குப் பின்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தல் இயலாததோ?

ஆதலின் நாம் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிப்பேம். நோயாளியாகச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேளாது திரும்பற்க: எனக்குள்ள நோய் யாது? வீட்டில் நான் செய்யவேண்டுவது யாது? எந்தக் குறி கண்டால் மீண்டும் விரைந்து வரவேண்டும்? விடையைத் தமிழில் எழுதிக்கொள்க. எழுதியதனை மருத்துவரிடமே ஒருமுறை படித்துக்காட்டுக. இதற்கு ஒரு நிமிடமே ஆகும். தவறாகக் கேட்டது அப்போதே திருந்தும். முதியோரைத் தனியே அனுப்பாது, வீட்டில் படித்த இளையோர் ஒருவர் உடன் செல்க. இனி, நம் கல்லூரியினின்று வெளிப்போந்து மருத்துவராய் விளங்கும் பழைய மாணவர்கட்கு ஒரு விண்ணப்பம்: தங்கள் முன்னறையில் காத்திருப்போர் கண்ணிற்படும்படி, பேதிக்குரிய உப்புச்சர்க்கரை நீரின் அளவு, நாய்க்கடிக்கு முதலிற் செய்யவேண்டுவது, டெங்குவின் அபாயக் குறிகள் ஆகிய இவற்றையேனும் தெளிந்த தமிழில் எழுதித் தொங்கவிடுவீர்களாக. பிழையற எழுதித் தருதல் தமிழ் மாணவராகிய எம் கடமை. பொருளைச் சரிபார்த்தல் தங்கள் கடமை. நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் ஊர்களுக்குச் செல்லும் நம் மாணவர், சுவருக்கு வெள்ளையடித்து வருவதோடு அமையாது, அவ்வூர் மருத்துவர் ஒப்பிய பத்து வரிகளை அச்சுவரில் எழுதி வருவாராயின், வெள்ளை மங்கினும் பயன் மங்காது.

சங்கப் பாட்டிற்கு உரைகாணவும், அருஞ்சொற்குப் பொருள்தேடவும் நாம் இங்கே பயில்கின்றோம். அப்பயிற்சி, ஒரு முதியவள் கையில் உள்ள சீட்டிற்குப் பொருள் கூறவும் உதவுமாயின் தமிழுக்கு இழுக்கில்லை, பெருமையே உண்டு. மருத்துவர் சொல்லைக் கொசுறென்று கருதும் வழக்கை ஒழித்து, அதனை முதல் மருந்தாகக் கேட்டு, அளவறிந்து கொண்டு, நாள் தவறாது கைக்கொள்ள நாமும் முயன்று, நம்மைச் சார்ந்தோரையும் முயலச் செய்வோமாக.